35,000 அடி உயரத்தில் ஷாம்பெய்ன்: தரத்தை எப்படி எடைபோடுவது?

நெடுந்தூர விமானத்தின் பிசினஸ் கிளாஸிலோ ஃபர்ஸ்ட் கிளாஸிலோ ஏறி உட்கார்ந்ததும் பணியாளர் ஒரு தட்டை நீட்டுவார். அதிலிருக்கும் கோப்பைகளில் ஒன்று பெரும்பாலும் ஷாம்பெய்ன். கடையில் 40 டாலருக்குக் கிடைக்கும் பாட்டிலை ஊற்றும் நிறுவனமும் உண்டு, ஆயிரம் டாலரைத் தொடும் பாட்டிலைத் திறக்கும் நிறுவனமும் உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். இந்த விலை வேறுபாடு எதனால் வருகிறது, தரையில் குடித்த அதே ஷாம்பெய்ன் மேலே போனதும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது, விலை கூடியதுதான் அங்கேயும் நன்றாக இருக்குமா என்ற கேள்விகளுக்கு, ஒயின் பழக்கமே இல்லாதவரும் புரிந்துகொள்ளும்படி விடை சொல்ல இங்கே முயல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தில் ஷாம்பெய்னின் தரத்தைத் தீர்மானிப்பது லேபிளில் உள்ள பெயரின் புகழ் அல்ல. அந்த ஒயின் பாட்டிலுக்குள் ஈஸ்ட்டோடு எத்தனை காலம் கிடந்தது என்பதுதான். இதற்கான காரணம் ஷாம்பெய்ன் செய்யும் முறையில் பாதியும் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றில் பாதியுமாக இருக்கிறது.

பாட்டிலுக்குள் நடப்பது

பாரிஸுக்கு வடகிழக்கே ரான்ஸ், எபர்னே என்ற ஊர்களைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக் குன்றுகள்தான் ஷாம்பெய்ன் வட்டாரம். ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்கள். அங்கே விளைந்த திராட்சையைக் கொண்டு, அங்கேயே, சட்டம் வகுத்த முறைப்படி செய்த நுரைக்கும் ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. இத்தாலியின் ப்ரொசெக்கோ, ஸ்பெயினின் காவா, பிரான்சின் மற்ற பகுதிகளில் செய்யும் க்ரெமான் ஆகியவையும் நுரைக்கும் ஒயின்கள்தான். அவற்றில் மிக நல்லவை உண்டு. ஆனாலும் அவை ஷாம்பெய்ன் ஆகா.

பயன்படும் திராட்சைகள் பெரும்பாலும் மூன்று: ஷார்டொனே, பினோ நுவார், பினோ மூனியே. பின்னிரண்டும் கறுப்புத் திராட்சை. தோலின் நிறம் இறங்காதபடி மெல்லப் பிழிந்து சாற்றை மட்டும் எடுப்பதால் ஒயின் வெளிறிய பொன்னிறமாகவே வருகிறது. இயந்திரம் திராட்சையை நசுக்கிவிடும் என்பதால் அறுவடை முழுவதும் கையால்தான் நடக்க வேண்டும் என்பது விதி. திராட்சை வளர்ப்புக்கு இது குளிர்ந்த நாடு. பழம் முழுக்க இனிக்கும் அளவுக்குப் பழுக்காது, புளிப்பு தூக்கலாகவே நிற்கும். இந்தப் புளிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் பாதிச் சிக்கல் இதனால்தான்.

சாறு முதலில் சாதாரண ஒயினைப் போலவே நொதிக்கிறது. அப்போது கிடைக்கும் ஒயினைத் தனியாகக் குடித்தால் பல் கூசும். பல தோட்டங்களின் ஒயின்களையும், முந்தைய ஆண்டுகளில் சேமித்து வைத்த ஒயினையும் கலந்து ஒரு சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கைமணமும் இந்தக் கலவையில்தான் இருக்கிறது. பிறகு அதனுடன் சிறிது சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துத் தடித்த பாட்டிலில் ஊற்றி மூடுகிறார்கள். பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்தல் தொடங்குகிறது. அதில் உண்டாகும் கரியமில வாயுவுக்கு வெளியேற வழியில்லை, எனவே ஒயினிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல 5 அல்லது 6 மடங்குக்கு ஏறிவிடும். ஒரு 75 சென்டிலிட்டர் பாட்டிலில் கரைந்திருக்கும் வாயுவை வெளியே விட்டால் ஏறத்தாழ 5 லிட்டர் இடத்தை நிரப்பும்.

அடுத்து நடப்பதுதான் நம் பேச்சின் மையம். சர்க்கரையைத் தின்று முடித்த ஈஸ்ட் இறந்து பாட்டிலின் ஓரத்தில் வண்டலாகப் படிகிறது. அதை உடனே அகற்றுவதில்லை. குளிர்ந்த நிலவறையில் பாட்டிலைப் படுக்கவைத்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இறந்த ஈஸ்ட் செல்கள் மெல்ல மெல்லச் சிதைந்து அமினோ அமிலங்களையும் புரதங்களையும் ஒயினுக்குள் விடுகின்றன. புதிதாகச் சுட்ட ரொட்டி, வறுத்த பருப்பு, வெண்ணெய் என்று ஷாம்பெய்னில் நாம் உணரும் மணங்களுக்குப் பெரும்பங்கு மூலம் இதுதான். நுரை மென்மையாவதும், வாயில் பட்டால் தண்ணீராகத் தோன்றாமல் ஒரு கனம் தெரிவதும் இந்த வண்டலின் கொடை. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் வியப்பளிப்பது இந்தக் கட்டம்தான்: யாரும் எதுவும் செய்வதில்லை, காலம் மட்டுமே வேலை செய்கிறது. அந்தக் காலத்துக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

கடைசியில் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறக்கிறார்கள். அழுத்தம் அந்தப் பனிக்கட்டியை வண்டலோடு வெளியே தள்ளிவிடும். குறைந்த இடத்தை ஒயினும் சிறிது சர்க்கரையும் கொண்டு நிரப்பித் தக்கை அடிக்கிறார்கள். லேபிளில் ‘ப்ரூட்’ என்று இருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ என்றால் 6 கிராமுக்கு மேல் இல்லை. விமானங்களில் பெரும்பாலும் வருவது ப்ரூட்.

மூன்று படிகள்

ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெய்ன் முதல் படி. பல ஆண்டுகளின் ஒயின்களைக் கலந்து, ஒவ்வொரு ஆண்டும் ஒரே சுவை வரும்படி செய்வது. பாட்டிலில் அடைத்த பின் குறைந்தது 15 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். உலகில் விற்கும் ஷாம்பெய்னில் பெரும்பகுதி இதுதான். பிசினஸ் கிளாஸில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான்.

விளைச்சல் நன்றாக அமைந்த ஒரே ஆண்டின் திராட்சையில் மட்டும் செய்து, அந்த ஆண்டை லேபிளில் பொறிப்பது இரண்டாம் படி. இதற்குக் குறைந்தது 3 ஆண்டுகள் ஆக வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு நிறுவனமும் தன் முழுத் திறமையையும் காட்டும் உச்சப் பாட்டில். மொயே அண்ட் ஷாந்தோனின் டாம் பெரிஞோன், லூயி ரோடெரெரின் கிறிஸ்டல், தைத்தாஞ்சேயின் கோம்த் து ஷாம்பாஞ், லோரான் பெரியேயின் கிராண் சியெக்ல் ஆகியவை இந்த வரிசையில் வரும். டாம் பெரிஞோன் 8 ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலவறையில் கிடந்தபின்தான் பொதுவாக விற்பனைக்கு வருகிறது. ஆண்டு குறித்த ஷாம்பெய்னுக்குச் சட்டம் கேட்பதைவிட இது இரண்டரை மடங்குக்கும் மேல்.

ஆனால் இந்தப் படிகளை அப்படியே தர வரிசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் சொல்வது குறைந்தபட்சத்தை மட்டும்தான். முதல் படியிலேயே 15 மாதத்தில் வெளியேறும் பாட்டிலும் இருக்கிறது, 3 ஆண்டுக்கு மேல் வண்டலோடு கிடந்த பாட்டிலும் இருக்கிறது. க்ரூக் நிறுவனத்தின் கிராண் க்யூவே இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு. அதன் லேபிளில் ஆண்டு இருக்காது. ஆனால் பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் அதிகமான ஒயின்களைக் கலந்து, ஏறத்தாழ 7 ஆண்டுகள் நிலவறையில் வைத்த பிறகே வெளியே விடுகிறார்கள். பெரும்பாலான ஆண்டு குறித்த ஷாம்பெய்ன்களைவிட அதன் விலை அதிகம், அந்த விலைக்கு அது தகுதியானதும்கூட.

ஊட்டியில் உட்கார்ந்து குடிப்பது போல

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஏறத்தாழ ஊட்டியின் உயரம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 6,000 அடியை ஒட்டி இருக்கும். பழையவற்றில் 8,000 அடியை நெருங்கும். 8,000 அடிக்குரிய அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஊட்டியின் குளிர்ச்சியும் ஈரமும் மட்டும் இங்கே கிடையாது. விமானக் காற்றின் ஈரப்பதம் வழக்கமாக 20 விழுக்காட்டுக்கும் கீழே.

முதலில் குமிழிகளைப் பார்ப்போம். குமிழிக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தோடு கிட்டத்தட்ட சமமாக இருக்கும். வெளியழுத்தம் முக்கால் பங்காகக் குறைந்தால் அதே அளவு வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடத்தைப் பிடிக்கும். எனவே குமிழிகள் பெரிதாகின்றன, ஊற்றும்போது நுரை வேகமாகப் பொங்குகிறது, ஒயினில் கரைந்த வாயுவும் விரைவாக வெளியேறுகிறது. நல்ல ஷாம்பெய்னின் அடையாளமாகச் சொல்லப்படும் நுண்ணிய குமிழிகள் மேலே சற்று முரடாகத் தெரிவது இதனால்தான். கோப்பையை நீண்ட நேரம் கையிலேயே வைத்திருந்தால் தரையில் இருப்பதைவிடச் சீக்கிரம் சப்பென்று ஆகிவிடும்.

அடுத்து மூக்கு. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மூக்கின் உட்புறம் ஈரமாக இருந்தால்தான் மணத்தை நன்றாக உணர முடியும். வறண்ட காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஷாம்பெய்னில் இருக்கும் ஆப்பிள், எலுமிச்சை, வெள்ளைப் பூ போன்ற மெல்லிய மணங்கள்தான் முதலில் மங்கும்.

பிறகு நாக்கு. ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிலையம் 2010-ஐ ஒட்டி ஒரு சோதனை நடத்தியது. ஹோல்ஸ்கிர்ஷென் என்ற ஊரில், அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய அறை ஒன்றுக்குள் ஏர்பஸ் ஏ310 விமானத்தின் உடற்பகுதியையே வைத்து, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார்கள். உப்பை உணரும் திறன் 20 முதல் 30 விழுக்காடு வரையும், இனிப்பை உணரும் திறன் 15 முதல் 20 விழுக்காடு வரையும் குறைந்தது. புளிப்பும் கசப்பும் அவ்வளவாகக் குறையவில்லை. விமானத்தில் தக்காளிச் சாறு ஏன் இவ்வளவு விற்கிறது என்ற கேள்வியிலிருந்து கிளம்பிய ஆய்வு இது. ஷாம்பெய்னுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பழ மணம் மங்குகிறது, இனிப்பு குறைகிறது, புளிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. 15 மாதத்தில் வெளிவந்த இளம் ஷாம்பெய்ன், தரையில் பளிச்சென்று புத்துணர்ச்சியாக இருப்பது, மேலே போனதும் வெறும் எலுமிச்சைச் சாறாகத் தோன்றுகிறது. சர்க்கரையே சேர்க்காத வகைகள் இன்னும் கடுமையாகத் தெரியும். தரையில் அவற்றை விரும்பிக் குடிப்பவர்கள்கூட விமானத்தில் ப்ரூட் வகையே மேல் என்று உணர வாய்ப்பு அதிகம்.

இரைச்சலும் ஈஸ்ட்டும்

விமானத்தின் இடைவிடாத இரைச்சலும் சுவையை மாற்றுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், விமான இரைச்சலைப் போல 85 டெசிபல் அளவு ஒலியைக் கேட்டபடி மக்கள் சுவைகளை மதிப்பிட்டார்கள். இனிப்பு மங்கியது. ஆனால் உமாமி என்னும் சுவை கூடியது. உமாமி என்பது தக்காளி, காளான், முதிர்ந்த சீஸ், மீன் போன்றவற்றில் இருக்கும் அந்த நிறைவான, எச்சில் ஊறவைக்கும் சுவை. குளூட்டமேட் என்ற அமினோ அமிலம்தான் அதன் முக்கிய மூலம்.

இங்கேதான் வண்டலுக்குத் திரும்பி வருகிறோம். 2020-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிப்பியும் ஷாம்பெய்னும் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்று ஆராய்ந்தபோது, ஷாம்பெய்னில் இறந்த ஈஸ்ட்டிலிருந்து வரும் குளூட்டமேட் இருப்பதையும், அது சிப்பியில் உள்ள பொருள்களோடு சேர்ந்து உமாமியைப் பெருக்குவதையும் விளக்கினார்கள். முதிர்ந்த ஷாம்பெய்ன்களே இதற்கு ஏற்றவை என்றும் சொன்னார்கள். இரண்டு ஆய்வுகளும் தனித்தனியானவை. விமானத்தில் ஷாம்பெய்னை வைத்து இரண்டையும் இணைத்துப் பார்ப்பது என் ஊகம். ஆனால் வலுவான ஊகம் என்றே நினைக்கிறேன்: வானம் பழ மணத்தையும் இனிப்பையும் பறிக்கிறது, உமாமியை மட்டும் தூக்கிவிடுகிறது. அந்த உமாமி ஷாம்பெய்னுக்குக் காலத்தால் மட்டுமே வரும். எனவே நீண்ட காலம் வண்டலோடு கிடந்த ஒயின் மேலே தன் கையிருப்பில் அதிகம் இழப்பதில்லை. இளம் ஒயினுக்கு இழப்பதற்குப் பழம் மட்டுமே இருக்கிறது.

யார் எதை ஊற்றுகிறார்கள்

விமான நிறுவனங்கள் பட்டியலை அடிக்கடி மாற்றுகின்றன. கீழே சொல்வதை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளாமல், எந்தத் தளத்தில் போட்டி நடக்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

ஃபர்ஸ்ட் கிளாஸில் போட்டி கடுமை. எமிரேட்ஸ் பல ஆண்டுகளாக டாம் பெரிஞோனை ஊற்றிவருகிறது. பிசினஸ் கிளாஸுக்கு அதே குழுமத்தைச் சேர்ந்த மொயே அண்ட் ஷாந்தோன், வூவ் கிளிக்கோ. ஒயின் விஷயத்தில் எமிரேட்ஸ் காட்டும் அக்கறை அசாதாரணமானது. ஒயின்களை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி, பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தன் சேமிப்பிடத்திலேயே முதிரவைக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒரு காலத்தில் க்ரூக், டாம் பெரிஞோன் இரண்டையும் ஃபர்ஸ்ட் கிளாஸில் வைத்து, பயணியே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தது. ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனம் க்ரூக்குக்குப் பேர்பெற்றது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நீண்ட காலம் கிராண் சியெக்லைத் தன் அடையாளமாக வைத்திருந்தது. அது மூன்று நல்ல ஆண்டுகளின் ஒயின்களைக் கலந்து செய்வது.

இவர்களில் தனித்து நிற்பது ஜப்பான் ஏர்லைன்ஸ். அதன் ஃபர்ஸ்ட் கிளாஸில் சலோன் கிடைக்கிறது. சலோன் ஒரே திராட்சையில், ஷார்டொனேயில், ஒரே ஊரில், லெ மெனில் சூர் ஓழேயில், விளைச்சல் மிகச் சிறப்பாக அமைந்த ஆண்டுகளில் மட்டுமே செய்யப்படுகிறது. 1905-இல் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டு முழுவதிலும் 37 ஆண்டுகளுக்கு மட்டும்தான் சலோன் வெளிவந்தது. வெளியே வருமுன் பத்தாண்டுகளை ஒட்டி நிலவறையில் கிடக்கும். இன்று ஒரு பாட்டிலின் விலை ஆயிரம் டாலரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இத்தனைக்கும் சலோன் இளமையில் கூர்மையான புளிப்புடைய ஒயின். விமானத்தில் அதன் முழு அழகும் வெளிப்படும் என்று நான் நினைக்கவில்லை. சலோனை மேலே குடிப்பது ஒரு பேறுதான், ஆனால் ஊட்டி உயரத்துக்கு க்ரூக்கின் கனமும் முதிர்ச்சியுமே கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கணிப்பு.

பிசினஸ் கிளாஸில்தான் கவனித்துப் பார்க்க வேண்டிய வேறுபாடு இருக்கிறது, ஏனெனில் அங்கே பெரும்பாலோர் முதல் படியிலேயே நிற்கிறார்கள். ஷார்ல் ஹைட்சிக் ப்ரூட் ரிசர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ் இரண்டின் பிசினஸ் கிளாஸிலும் இது இடம்பெற்றிருக்கிறது. கலவையில் 40 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் பழைய ஆண்டுகளின் ஒயின். வண்டலோடு 3 ஆண்டுக்குக் குறையாமல் கிடக்கும். வறுத்த பருப்பும் ரொட்டியும் மணக்கும் கனமான ஒயின். இதைவிட நூறு மடங்கு பேர் அறிந்த பெயருடைய இளம் ஷாம்பெய்னை அருகில் வைத்து 35,000 அடியில் ஒப்பிட்டால் ஷார்ல் ஹைட்சிக்கே முந்தும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஏர் பிரான்ஸைக் குறிப்பிடாமல் விட முடியாது. நெடுந்தூர விமானங்களில் எகானமி பயணிக்கும் கட்டணமின்றி ஷாம்பெய்ன் கொடுக்கும் நிறுவனம் அது. தன் நாட்டின் பெருமையை முன்வரிசைக்கு மட்டும் ஒதுக்கிவைக்காத அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் உள்நாட்டு விமானங்களில் மது எதுவும் பரிமாறப்படுவதில்லை. சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும்போதுதான் இந்தப் பேச்சுக்கே இடம்.

கணக்கு எப்படிப் போகிறது

75 சென்டிலிட்டர் பாட்டிலில் 125 மில்லி கோப்பை ஆறு வரும். கடையில் 48 டாலர் பாட்டில் என்றால் கோப்பை 8 டாலர். 240 டாலர் பாட்டில் என்றால் 40 டாலர். நிறுவனங்கள் மொத்தமாக வாங்குவதால் உண்மையில் கொடுப்பது இதைவிடக் குறைவு. ஷாம்பெய்ன் நிறுவனங்களும் விலையைக் குறைத்துக்கொடுக்கத் தயங்குவதில்லை, ஏனெனில் வசதியான வாடிக்கையாளர் கையில் தங்கள் பாட்டில் பல மணி நேரம் இருப்பதே பெரிய விளம்பரம். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பிசினஸ் கிளாஸுக்கு மட்டும் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பாட்டில்கள் தேவைப்படலாம். அத்தனை பாட்டிலைத் தடையில்லாமல் ஒரே தரத்தில் கொடுக்கக்கூடிய பெரிய நிறுவனங்களோடுதான் ஒப்பந்தம் சாத்தியம். சொந்தத் தோட்டத்தில் விளைத்துத் தாமே ஒயின் செய்யும் சிறு விவசாயிகளின் அருமையான ஷாம்பெய்ன்கள் விமானத்தில் அரிதாகவே தென்படுவதன் காரணம் இதுதான்.

விமானம் புறப்படுமுன் கொடுப்பதும் பறக்கும்போது கொடுப்பதும் வேறு பாட்டிலாக இருப்பதைச் சிலர் கவனித்திருக்கலாம். விமானத்தில் ஏற்றப்படும் மது பொதுவாகத் தீர்வை கட்டாத சரக்கு. சில நாடுகளில் அதைத் தரையிலேயே திறந்தால் வரி கட்ட நேரும். அதனால் தரையில் மலிவான பாட்டில், அல்லது பழச்சாறு மட்டும். வரவேற்புக் கோப்பையை வைத்து நிறுவனத்தின் தரத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.

கோப்பையும் குளிர்ச்சியும்

நல்ல ஷாம்பெய்னையும் கெடுக்கப் போதுமானவை இரண்டு: தவறான கோப்பை, தவறான குளிர்ச்சி. நீண்டு ஒடுங்கிய கோப்பை அழகாக இருக்கும், குமிழிகள் வரிசையாக ஏறுவதைக் காட்டும், ஆனால் மூக்குக்கு இடம் விடாது. ஏற்கெனவே வறண்ட மூக்குக்கு அது கூடுதல் தண்டனை. வெள்ளை ஒயினுக்கான அகன்ற கோப்பையில் ஊற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான பணியாளர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். ஊற்றும் முறையும் முக்கியம். ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷாம்பெய்ன் குமிழிகளையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட ஜெரார் லிஜே பெலேர் குழுவினர், கோப்பையைச் சாய்த்துப் பியர் ஊற்றுவதுபோல ஊற்றினால் கரைந்த வாயு கூடுதலாகத் தங்குகிறது என்றும், ஷாம்பெய்ன் குளிர்ந்திருந்தால் இழப்பு குறையும் என்றும் 2010-இல் அளந்து காட்டினார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் இது இன்னும் பயன்படும்.

குளிர்ச்சிக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரி. பனிக்கட்டியில் புதைத்து எடுத்த பாட்டிலிலிருந்து வரும் முதல் கோப்பையில் மணமே இருக்காது. சில நிமிடம் பொறுத்தால் திறந்துகொள்ளும். மாறாக, பாட்டில் வெதுவெதுப்பாக வந்தால் நுரை பொங்கி வழிந்து, மிஞ்சுவது புளிப்புதான். அப்படி வந்தால் வேறு பாட்டில் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உடல்நலம் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், விமான உயரத்துக்குரிய அழுத்தத்தில் மது குடித்துவிட்டுத் தூங்கிய இளம் வயதினருக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 விழுக்காட்டை ஒட்டி இறங்கி, இதயத் துடிப்பும் கூடியது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் விமானத்தில் குடித்துவிட்டுத் தூங்குவதைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் ஒரு கோப்பைக்கு ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்துக் குடியுங்கள்.

மெனுவைப் படிக்கும் விதம்

மெனுவில் ‘ஷாம்பெய்ன்’ என்ற சொல் இருக்கிறதா, வெறும் ‘ஸ்பார்க்ளிங் ஒயின்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து நிறுவனத்தின் பெயரோடு அதன் எந்த ஒயின் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிறுவனம் 50 டாலருக்கும் ஒயின் செய்யும், 250 டாலருக்கும் செய்யும். ஆண்டு இருந்தால் அதிலிருந்து இன்றுவரை எத்தனை ஆண்டு என்று கணக்கிடுங்கள். முதிர்ச்சியைக் கணிக்க அது எளிய வழி. ‘ப்ளான் து ப்ளான்’ என்றால் பெரும்பாலும் ஷார்டொனே மட்டும், மெலிந்து கூர்மையாக இருக்கும். ‘ப்ளான் து நுவார்’ என்றால் கறுப்புத் திராட்சை மட்டும், கனமாக இருக்கும். இரண்டும் மெனுவில் இருந்தால் வானத்தில் நான் இரண்டாவதையே கேட்பேன்.

ஆண்டு இல்லாவிட்டால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். பின்புற லேபிளில் பல நிறுவனங்கள் இப்போது வண்டல் அகற்றிய காலத்தை அச்சிடுகின்றன. ஷார்ல் ஹைட்சிக் ப்ரூட் ரிசர்வில் நிலவறையில் வைத்த ஆண்டும் வண்டல் அகற்றிய ஆண்டும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் போதும். க்ரூக்கின் பின்புற லேபிளில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்களில் முதலாவது, பாட்டில் நிலவறையை விட்டு வெளியேறிய காலாண்டு. அடுத்த இரண்டும் ஆண்டு. அந்த எண்ணை க்ரூக்கின் இணையதளத்திலோ செயலியிலோ இட்டால் கலவையில் எத்தனை ஒயின், மிகப் பழையது எந்த ஆண்டு என்பதுவரை வந்துவிடும். விமானத்தில் வைஃபை இருந்தால் கோப்பை கையில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே உப்பிட்ட வறுத்த முந்திரியோ முதிர்ந்த சீஸோ கேட்டு வாங்கி, ஒரு வாய் தின்று ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். வெறும் வாயில் புளித்த ஷாம்பெய்ன்கூடப் பெரும்பாலும் இதில் இறங்கிவரும்.